பாண்டி பழைய வீட்டை இடிக்காம நம்ம பொழப்புக்கு ஏத்த மாதிரி மாத்தணுமா? இந்த வரிசையில போங்க

பாண்டிய தமிழ்ப் பக்கம், பிரெஞ்சு பக்கம்னு பிரிக்கற பெரிய வாய்க்காலுக்கு மேற்கால, தமிழ்ப் பக்கத்துல, திண்ணை வெச்ச ஒரு பழைய வீடு உங்க கைக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கங்க, தாத்தா பங்கா வந்திருக்கலாம், காசு குடுத்து வாங்கியிருக்கலாம். சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு இடிச்சுட்டு மூணு மாடி போடு வாடகை வரும்பாங்க, மீதிப் பேரு ஐயையோ பாரம்பரியம் கைய வைக்காதேம்பாங்க, ரெண்டு கோஷ்டியும் அந்த வீட்ல குடியிருக்கப் போறதில்ல. நீங்க இருக்கப் போறீங்க. லேப்டாப் வேலை, முட்டி வலியோட அம்மா, ஸ்கூல் போற புள்ள, வாஷிங் மெஷின், ரெண்டு டூவீலர், இதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்ன கட்டுன வீட்டுக்குள்ள எப்படி அடங்கும்ங்கறது தான் விஷயம். அடங்கும். ஆனா இந்த மாதிரி வீட்ட கெடுக்கறது தண்ணி தான், மேல இருந்து வர்ற தண்ணி, கீழ இருந்து ஏறுற தண்ணி, நாம புதுசா உள்ள கொண்டு வர்ற தண்ணி. அதனால தண்ணி வேலை முதல்ல, வசதி அடுத்து, அழகு கடைசில. முதல் மாசமே டைல்ஸ் கடைக்கு கெளம்புறவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும்.

கடலூர் ஓல்ட் டவுன் பக்கம் இருக்கறவங்களுக்கும் கட்டுமான விஷயம் எல்லாம் அப்படியே பொருந்தும், பெர்மிஷன் கதை மட்டும் வேற, அங்க மாநகராட்சில கேக்கணும்.

பேப்பர் வேலை

இது போரடிக்கும், ஆனாலும் இத முடிக்காம கொத்தனார கூப்டாதீங்க. பாண்டில 1962-க்கு முன்னாடி, அதாவது சட்டப்படி இந்தியாவோட சேர்றதுக்கு முன்னாடி, எழுதுன பத்திரம் நெறைய பிரெஞ்சுல தான் இருக்கும், அத மொழிபெயர்ப்பு பண்ணி வக்கீல் ஒருத்தர் கிட்ட காட்டிடுங்க. பிரான்ஸ்ல செட்டில் ஆன சித்தப்பா பையனுக்கு ஒரு பங்கு இருக்கும், அவரு போன்ல "நீ பண்ணுப்பா, நான் என்ன கேக்கப் போறேன்"னு சொல்லுவாரு. சந்தோஷம், அதையே பவர் பத்திரமா எழுதி அனுப்ப சொல்லுங்க. நீங்க காசு போட்டு வீடு பளபளன்னு ஆனதுக்கு அப்புறம் பங்கு ஞாபகம் வர்றது எல்லா ஊர்லயும் நடக்கறது தான்.

அடுத்து பிளானிங் அத்தாரிட்டி. புல்வார்டுக்குள்ள, அதாவது அண்ணா சாலை, சுப்பையா சாலை, படேல் சாலை, பீச் ரோடு இந்த நாலுக்கும் நடுவுல வீடு இருந்தா, இடிக்கறதுக்கோ முகப்ப மாத்தறதுக்கோ அனுமதி இல்லாம கைய வெச்சா பின்னாடி தலைவலி. உங்க வீடு பாரம்பரிய பட்டியல்ல இருக்கான்னும் அங்கயே கேட்டுடுங்க. பழைய கட்டடங்கள காப்பாத்தற அமைப்பான இன்டாக் ஆளுங்க 1984-லேர்ந்து பாண்டில இதே வேலையா இருக்காங்க, போய் உக்காந்து பேசுனா எந்த மேஸ்திரிக்கு சுண்ணாம்பு வேலை தெரியும்ங்கறதும் சேத்து தெரிய வரும், அதுவே பாதி லாபம்.

அப்படியே ஒரு சாயங்காலம் வைசியாள் வீதில நடந்துட்டு வாங்க. ஐரோப்பிய யூனியன் நிதியோட ஏஷியா அர்ப்ஸ் திட்டத்துல அந்தத் தெருவோட முகப்ப எல்லாம் சரி பண்ணாங்க, 2008-ல யுனெஸ்கோ விருது கூட வந்துச்சு. ரோட்டோரம் மரக்கால் நட்டு சாய்வா ஓட்டுக் கூரை இறக்குனது தாழ்வாரம், தெருவுல போறவன் மழைக்கு ஒதுங்கறதுக்கு. அதுக்கு உள்ள உக்கார்ற மேடை திண்ணை. ஒரு வீட்டோட கூரை வரி அடுத்த வீட்டுக்கு எப்படி போகுதுன்னு கவனிச்சு பாருங்க. அதே மாதிரி ரங்கப்பிள்ளை வீதில ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, 1738 வாக்குல கட்டுனது, கீழ நம்ம பாணி, மேல பிரெஞ்சு பாணி. தன் வசதிக்கு ஏத்த மாதிரி ரெண்டையும் கலந்து கட்டிக்கறது இந்த ஊர்ல இன்னிக்கு வந்த பழக்கம் இல்லன்னு அத பாத்தா தெரியும்.

ஒரு மழை பாத்துட்டு பிளான் போடுங்க

முடிஞ்சா ஐப்பசி கார்த்திகை மழைய அந்த வீட்டுக்குள்ள இருந்து பாருங்க. குடியிருக்க முடியாத நிலைமைன்னா மழை விட்டதும் ஓடிப் போயி சாக்பீஸால குறிங்க, எங்க சொட்டுது, எந்த சுவத்துல எவ்ளோ உயரத்துக்கு ஈரம், முற்றத்து தண்ணி எவ்ளோ நேரத்துல வடியுது, தெருத் தண்ணி உள்ள வருதா. இந்தக் கடைசி விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. ரோடு போடறப்ப எல்லாம் பழைய தார சுரண்டாம மேல மேல போட்டு பல தெருவுல ரோடு ஏறிப் போச்சு, வீடு பள்ளத்துல நிக்குது. 2024-ல ஃபெஞ்சல் புயலப்போ 24 மணி நேரத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அன்னிக்கு தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு பக்கத்து வீட்டு பெரியம்மாவ கேளுங்க, கைய வெச்சு காட்டுவாங்க. எந்த சர்வேயும் அதுக்கு ஈடு கிடையாது. அந்த கோட்டுக்கு கீழ பிளக் பாயின்ட் எதுவும் வராதுன்னு அப்பவே முடிவு பண்ணிடுங்க.

மழை பாத்தப்புறம் ஒரு நோட்டு எடுத்து உங்க வீட்டு ஒரு நாள எழுதுங்க. காலைல யாரு முதல்ல எந்திரிக்கறா, பாத்ரூமுக்கு எத்தன பேரு ஒரே நேரத்துல முட்டிக்கறீங்க, துணி எங்க காயும், சத்தமா மீட்டிங் பேசறது யாரு, அந்த நேரத்துல டிவி பாக்கறது யாரு, செருப்பு எங்க விடுவீங்க, கேஸ் சிலிண்டர் எந்த வழியா உள்ள வரும். இது சில்லறை விஷயம் மாதிரி தெரியும், ஆனா முற்றத்த சுத்தி ரூம் இருக்கற வீட்ல ஒரு ரூம்ல இருமுனா நாலு ரூம்லயும் கேக்கும், அதனால சத்தமும் தனிமையும் தான் இங்க பெரிய சண்டைக்கு காரணம்.

எழுதி முடிச்சதும் ஒவ்வொண்ணையும் ஈரம், சத்தம், வெயிட், குளிர்ன்னு பிரிங்க. குழாய் தண்ணி, வாஷிங் மெஷின், பாத்ரூம், ஏசி ரூம், வாட்டர் டேங்க், இதெல்லாம் பின்கட்டுக்கு, அதாவது முற்றத்துக்கு பின்னாடி இருக்கற பகுதிக்கு. உக்கார, பேச, சாப்பிட, படிக்க, தூங்க, இதெல்லாம் முன்கட்டுலயும் முற்றத்த சுத்தியும். பெரும்பாலான வீட்ல பின்கட்டுல முன்னாடியே யாரோ ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டோ எழுபதுகள்ல போட்ட ஒரு கான்கிரீட் ரூமோ கட்டி வெச்சிருப்பாங்க. இடிக்கணும்னா அத இடிங்க, ஷீட்ட உடைக்காம முழுசா கழட்டணும், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அந்த எடத்துல புதுசா ஃபவுண்டேஷன் போட்டு ஒரு சின்ன புது பிளாக் எழுப்புங்க. உங்க புது வாழ்க்கைல இருக்கற கனமான சமாச்சாரம் எல்லாம் அதுல உக்காந்துடும், பழைய வீடு லேசா இருக்கும். கம்பி போடறப்ப கவரிங், அதாவது கம்பிய மூடி நிக்கற கான்கிரீட் கனம், அத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, கடல் காத்துல கம்பி துரு ஏறி சிமெண்ட தள்ளிட்டு வெளிய வந்துரும், உப்புத்தண்ணி போர்ல கான்கிரீட் கலக்கவும் விடாதீங்க.

கூரை

இங்க தான் நெறைய பேசணும். பாதி வீடு நாட்டு ஓடு, மீதி மட்டப்பா, அதாவது மெட்ராஸ் டெரஸ். மெட்ராஸ் டெரஸ் எப்படி போட்டிருப்பாங்கன்னு தெரிஞ்சா தான் அத எப்படி கெடுக்கக் கூடாதுன்னு தெரியும். சுவத்துக்கு சுவர் உத்திரம், அது மேல அடி, ஒன்றரை அடிக்கு ஒரு சட்டம், அந்த சட்டத்து மேல ஒரு இன்ச் கனத்துல இருக்கற சின்ன செங்கல்ல குத்துக்கல்லா, மூலைவாட்டுல, சுண்ணாம்பு வெச்சு அடுக்கியிருப்பாங்க. அதுக்கு மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி கடுக்காய் வெல்லம் ஊறுன தண்ணி தெளிச்சு மரக்கட்டையால நாள் கணக்கா தட்டி இறுக்கி, கடைசியா தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிச்சிருப்பாங்க. கம்பியே கிடையாது. நல்லா இருந்தா எத்தன தலைமுறைக்கும் நிக்கும்.

ஒழுக ஆரம்பிச்சதும் நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, மேல ரெண்டு இன்ச் சிமெண்ட் கான்கிரீட் போடுவாங்க. கணக்கு பாருங்க, 100 சதுர அடிக்கு ரெண்டு இன்ச் கான்கிரீட்னா ஒரு டன்னுக்கு மேல வெயிட். அஞ்சு வருஷம் கழிச்சு அதுவும் விரிசல் விடும், அது மேல கூல் டைல்ஸ், அதுக்கு மேல 1,000 லிட்டர் டேங்க், அது இன்னொரு டன். எல்லாம் அந்த உத்திரத்து தலைல. உள்ள போன தண்ணி மேல வழியா காயவும் முடியாது, மரத்துக்குள்ள தான் போய் உக்காரும்.

அதனால உத்திரத்த பாக்கற விதம் இது. நடுவுல பாத்து ஏமாறக் கூடாது, சுவத்துக்குள்ள போற முனைய பாக்கணும். எங்க பக்கம் ஒரு வீட்ல ஆசாரி ஏணி போட்டு ஏறி முதல்ல உத்திரத்த நடுவுல தட்டினாரு, டங்குன்னு கெட்டி சத்தம், வீட்டுக்காரரு முகத்துல சிரிப்பு. அப்புறம் ஏணிய சுவத்தோரம் நகத்தி ஸ்க்ரூடிரைவர முனைல வெச்சு அழுத்துனாரு, பிடி வரைக்கும் உள்ள போச்சு, வெளிய இழுத்தா பழுப்பு நிறத்துல தூளு அவரு தோள்ல கொட்டுது. "இன்னா சார், வெளிய பாத்தா பர்மா தேக்கு, உள்ள பாத்தா மாவு". பெயின்ட் மட்டும் தான் அந்த எடத்துல மரம் மாதிரி நின்னுட்டு இருந்துச்சு. இப்படி முனை மட்டும் போயிருந்தா முழு உத்திரத்தையும் தூக்கிப் போட வேணாம். கீழ ஜாக்கி வெச்சு முட்டு குடுத்து, கெட்ட பாகத்த வெட்டிட்டு நல்ல மரம் சேக்கலாம், இல்ல பக்கத்துலயே ஐ செக்‌ஷன் இரும்பு ஒண்ணு துரு பெயின்ட் அடிச்சு ஓட்டலாம். புது முனைய சுவத்துக்குள்ள வைக்கறப்ப சுத்தி கொஞ்சம் காத்து போக எடம் விட்டு வைங்க, சிமெண்ட் வெச்சு அடைக்கக் கூடாது, கரையான் மருந்தும் அப்பவே அடிச்சுடுங்க.

எந்த உத்திரம் எவ்ளோ தாங்கும்னு சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் வேணும், அதுவும் பழைய கட்டடம் பாத்த பழக்கம் உள்ளவரு. வந்ததும் "இடிச்சுடுங்க சார் சேஃப் இல்ல"ன்னு ஏணி கூட ஏறாம சொல்றவருக்கு டீ குடுத்து அனுப்பிடுங்க. பயம் இல்லாமலும் இருக்காதீங்க, பீச் ரோட்டு மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சு காலத்து நகராட்சி கட்டடம், பல வருஷம் கவனிப்பு இல்லாம கெடந்து 2014 நவம்பர் மழைல பொலபொலன்னு இறங்கிருச்சு, அப்புறம் பழைய மாதிரியே புதுசா கட்டி 2021-ல தொறந்தாங்க. நம்ம கிட்ட அந்தளவு பணம் இல்ல.

மேல் பக்க வேலைன்னா, பின்னாடி ஏத்துன சிமெண்ட் அடுக்க எல்லாம் மெதுவா, டிரில் மிஷின் இல்லாம, உளி வெச்சு எடுத்துட்டு, சுண்ணாம்பு ஜல்லி போன எடத்துல மட்டும் திரும்ப போட்டு, வாட்டம் சரி பண்ணி தட்டோடு பதிக்கறது தான். தண்ணி தேங்காம தூம்புக்கு, அதாவது கூரைத் தண்ணி வெளிய போற வாய்க்கு, ஓடுனா பாதி வியாதி போச்சு. டேங்க பின்கட்டு புது பிளாக்குக்கு மாத்துங்க, வழியே இல்லன்னா ரெண்டு சுவர் சேர்ற மூலைல வெயிட் சுவத்துல எறங்கற மாதிரி வைங்க, நடு கூரைல கூடவே கூடாது. இன்னொண்ணு, ஃபால்ஸ் சீலிங் போடாதீங்க. அந்த உத்திரமும் சட்டமும் கண்ணுக்கு தெரிஞ்சா தான் ஒழுகறதும் கரையான் ஏறுறதும் உங்களுக்கு தெரியும், பிஓபி போட்டு மறைச்சா விழற அன்னிக்கு தான் தெரியும்.

ஓட்டுக் கூரைக்கு இவ்ளோ இல்ல. ஓட்ட எறக்கி, கைமரம் ரீப்பர் பாத்து மாத்தி, நல்ல ஓட்ட கழுவி திரும்ப போடறது. பழைய நாட்டு ஓடு கெடைக்கறது கஷ்டம், அதனால எறக்கறப்ப சித்தாள் தூக்கிப் போடாம கைமாத்தி வாங்கறாங்களான்னு கீழ நின்னு பாருங்க.

சுவத்துல ஓதம்

கீழ இருந்து மூணு நாலு அடிக்கு பெயின்ட் பொரிஞ்சு உப்பு பூத்து நிக்குதா, அது ஓதம். அந்த காலத்து சுவத்துல அடியில தடுப்பு கெடையாது, மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா ஏறும், சுண்ணாம்பு பூச்சு வழியா காத்துல போயிடும், அப்படித்தான் கட்டியிருக்காங்க. அது மேல சிமெண்ட் பூசி, புட்டி அடிச்சு, பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா ஈரத்துக்கு போக வழி இல்ல, இன்னும் மேல ஏறும். மறைக்கலாம்னு நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டுனா ஆறு அடிக்கு ஏறும், பாத்திருக்கேன்.

சரி பண்ற வழி எளிசு, பொறுமை தான் வேணும். ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல வரைக்கும் சிமெண்ட் பூச்ச கொத்தி எடுங்க. செங்கல் வெளிய தெரிய ஒரு கோடை முழுக்க காய விடுங்க, உப்பு பூக்க பூக்க பிரஷ்ல தட்டி கூட்டி அள்ளிடுங்க, தண்ணி ஊத்தி கழுவக் கூடாது. அப்புறம் சுண்ணாம்பு. கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ குழில போட்டு ஊற விடணும், ரெண்டு வாரமாவது, எவ்ளோ ஊறுதோ அவ்ளோ நல்லது. ஒண்ணுக்கு மூணு மணல்னு பொதுவா கலப்பாங்க. பூசிட்டு சாக்கு கட்டி ஈரம் விடாம ஒரு வாரத்துக்கு மேல பாத்துக்கணும், சித்திரை வெயில்ல விட்டுட்டா மயிர் விரிசல் விழும். மேல சுண்ணாம்பு வெள்ளை. கைக்கு கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், தெறிச்சா கண்ணு போயிடும், மேஸ்திரி வேணாம்னு தான் சொல்லுவாரு, நீங்க வாங்கி குடுங்க. செட்டிநாட்டுப் பூச்சு மாதிரி வழவழன்னு வேணும்னா ஹால்ல ஒரு சுவத்துக்கு மட்டும் பண்ணிக்கங்க, வீடு முழுக்கன்னா கூலி தாங்காது.

சிமெண்ட் போட்டா நாளைக்கே காஞ்சுடும் சார்னு ஒரு கொத்தனார் தினமும் காதுல ஓதுவாரு. சிரிச்சுட்டு நகந்துடுங்க.

பொதுச்சுவர்ல ஜாக்கிரதை. பக்கத்து வீட்டு உத்திர முனை உங்க சுவத்துக்குள்ள உக்காந்திருக்கும், ரூம பெருசு பண்ணலாம்னு அந்த சுவத்துல கைய வெச்சா அவங்க கூடம் ஆடும். எந்த சுவர் எடுக்கறதா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குள்ள போய் மேல பாத்துட்டு வந்து பேசுங்க.

முற்றத்த மூடறதா வேணாமா

எல்லாரும் கேக்கற கேள்வி. மழைத் தண்ணி வருது, கொசு வருது, பூனை வருது, திருடன் வருவானோன்னு பயம், அதனால முழுசா ஷீட் போட்டு மூடிடுவாங்க, அடுத்த மே மாசம் நடுவீடு அடுப்பாகிடும். சூடு ஏறி வெளிய போற வழியே அது தான். என் யோசனை, திருடனுக்கும் பூனைக்கும் கம்பி கிரில், கொசுவுக்கு முற்றத்துல வலை அடிக்காம படுக்கற ரூம் கதவு ஜன்னல்ல வலை. மழைச் சாரல் தாங்கவே முடியலன்னா கூரைக்கு மேல ஒன்றரை ரெண்டு அடி தூக்கி, நாலு பக்கமும் தொறந்த மாதிரி பாலிகார்பனேட் ஷீட் போடுங்க, காத்து பக்கவாட்டுல போயிடும். புயல் சீசன்ல அந்த ஷீட் பறக்காம இருக்க போல்ட் நெருக்கமா இருக்கணும், தானே புயல் 2011 டிசம்பர்ல எத்தன ஷீட்ட தெருவுல போட்டுச்சுன்னு கேட்டுப் பாருங்க.

தொறந்தே விடறதா இருந்தா வடிகால் தான் உயிர். முற்றமும் அதுக்குள்ள சரியற கூரையும் சேத்து 400 சதுர அடின்னு வெச்சா, ஒரு மணி நேரத்துல 5 செ.மீ. மழைக்கு கிட்டத்தட்ட 1,850 லிட்டர் தண்ணி முற்றத்துல எறங்கும். நாலு இன்ச் பைப்புக்கு குறைஞ்சு போடாதீங்க, நடுவுல ஒரு சேம்பர் வெச்சு குப்பை எடுக்கற மாதிரி விடுங்க. பின்னாடி பழைய கிணறு இருந்தா ஃபில்டர் வெச்சு அதுக்கு விடுங்க. பாதாள சாக்கடையோட சேக்காதீங்க, அதுவே மழைல திரும்பி வரும், டாய்லெட் லைன்ல திரும்பாம தடுக்கற வால்வு ஒண்ணு கட்டாயம் போட்டுடுங்க.

பாத்ரூம், கிச்சன், வயசானவங்க

மெட்ராஸ் டெரஸ் மேல மாடில பாத்ரூம் வேணாம், அட்டாச்டு வேணும்னு புள்ளைங்க எவ்ளோ அடம் புடிச்சாலும் வேணாம். அதுக்கு தான் பின்கட்டு பிளாக். மாடில படுக்கறவங்க ராத்திரி கீழ எறங்கணும்னா கஷ்டம் தான், அந்த புது பிளாக்க ரெண்டு மாடியா கட்டி மாடி வழியா ஒரு நடை விட்டா தீந்துச்சு.

அம்மாவுக்கு ரூம் கீழ, பின்கட்டு பாத்ரூமுக்கு பக்கத்துல, முற்றம் தெரியற மாதிரி. பழைய வீட்ல ஒவ்வொரு நிலைப்படியும் அரை அடி உயரம், தலைவாசல் குனியற மாதிரி இருக்கும். நிலைய அறுக்காதீங்க, அவங்க தினம் நடக்கற வழில மட்டும் படிக்கு ரெண்டு பக்கமும் சரிவா மரப்பலகை அடிங்க, கைப்பிடி ஒண்ணு சுவத்துல. முற்றத்து ஓரம் மழைல வழுக்கும், சொரசொரப்பு கல் போடுங்க. கூடத்துல இருக்கற சிகப்பு சிமெண்ட் தரை, பூ போட்ட பழைய சிமெண்ட் கல்லு, இதெல்லாம் அழுக்கா இருக்குன்னு பேத்துடாதீங்க, கழுவி தேய்ச்சு லேசா தேங்காய் எண்ணெய் போட்டு துடைச்சா முகம் தெரியும், விரிஞ்ச எடத்துல ஆத்தங்குடி கல்லு வெச்சு ஒட்டு போட்டா கூட அழகா தான் இருக்கு.

கிச்சன் பின்கட்டுல இருட்டா இருக்குன்னு கூடத்துக்கு கொண்டு வர்றது இப்ப ஃபேஷன். மீன் வறுக்கற வீடா இருந்தா ரெண்டு தடவ யோசிங்க, முற்றம் அந்த வாசனைய எல்லா ரூமுக்கும் பங்கு போட்டு குடுக்கும். பின்கட்டுலயே இருக்கட்டும், கூரைல நாலு கண்ணாடி ஓடு மாத்துனா வெளிச்சம் தாராளம்.

சுண்ணாம்பு சுவத்துல ஸ்க்ரூ புடிக்க அடிக்கற ராபிளக் நிக்காது, பொலபொலன்னு உதிரும். மாடுலர் கிச்சன் கடைக்காரரு வந்து மேல கப்போர்டு எல்லாம் சுவத்துல தொங்க விட பிளான் குடுப்பாரு. தரைல நிக்கற அலமாரியா வாங்கிக்கங்க, டிவியும் ஸ்டாண்டுல.

கரண்ட், நெட், ஏசி

மரப்பட்டி வயரிங் அழகா இருக்கும், ஆனா உள்ள ஓடற வயர் செத்துப் போயிருக்கும், எர்த்தே இருக்காது. மொத்தமா மாத்துங்க. மெயின்ல கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பின்னாடி எர்த் குழி, லோடு கூட்டி எழுதிக் குடுக்கறது, இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சுவத்த குறுக்கால வெட்டி பைப் புதைக்கறதுக்கு விடாதீங்க, கூரை ஓரமா வெளிய தெரியற மாதிரி ஒழுங்கா கான்டூட், அதாவது வயர் போற பைப், ஓட்டுங்க. வயரிங் பண்றப்பவே ஒவ்வொரு ரூமுக்கும் லேன் கேபிள் இழுத்துடுங்க, ஒன்றரை அடி சுவத்த தாண்டி வைஃபை போகாது, வீட்லேர்ந்து வேலை பாக்கறவங்க மீட்டிங் நடுவுல முற்றத்துக்கு ஓடி வந்து ஹலோ ஹலோன்னு கத்துவாங்க.

ஏசி ஒண்ணோ ரெண்டோ ரூமுக்கு போதும், கதவு ஜன்னல் இறுக்கமா மூடற ரூமா பாத்து. அவுட்டோர் யூனிட் முகப்புல தொங்கக் கூடாது, பின்னாடி.

வண்டி எங்க நிறுத்தறது

தமிழ்ப் பக்கத்துல திண்ணைய கொன்னதுல பெரிய பங்கு ஸ்கூட்டருக்கு தான். ஒரு பக்கத் திண்ணைய இடிச்சு சரிவு போட்டு வண்டிய ரேழில, அதாவது வாசலுக்கு அடுத்த நடைல, ஏத்திடுவாங்க, அப்புறம் வர்ற ஆளு உக்கார எடம் இல்ல, வீட்டுக்குள்ள பெட்ரோல் வாசனை. பின்னாடி சந்து இருந்தா அங்க ஒரு கதவு வைங்க. இல்லன்னா படி மேல மடக்கி வைக்கற மாதிரி இரும்புத் தகடு சரிவு, ராத்திரி மட்டும் போட்டு ஏத்திக்கலாம். காருன்னா பக்கத்துல மாச வாடகைக்கு எடம் தேடறது தான் வழி, வீட்டுக்குள்ள வராது, அத மனசார ஒத்துக்கிட்டு தான் இந்த வீட்ட எடுக்கணும்.

திண்ணைய அப்படியே விட்டா அதுக்கு இப்பவும் வேலை இருக்கு, கூரியர் பையன் பார்சல் வைப்பான், புள்ள ஹோம்வொர்க் எழுதும், செருப்பு அலமாரி ஒரு ஓரம். தாழ்வாரத்துக்கு கிரில் போட்டு அடைக்கறதுக்கு மட்டும் ஆசப்படாதீங்க, பாதி எடத்துல அது தெருவுக்கு சேந்த எடம்.

ஆளு, காசு, மாசம்

ஸ்கொயர் ஃபீட் ரேட் பேசி முழு கான்ட்ராக்ட் விடற பழக்கம் புது வீட்டுக்கு சரி. பழைய வீட்ல பூச்ச எடுத்தா தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும், அதனால ரேட் பேசுனவரு ஒண்ணு நஷ்டத்துல ஓடிடுவாரு, இல்ல மறைச்சு பூசிட்டு போயிடுவாரு. சுண்ணாம்பு வேலை, மர வேலை ரெண்டும் தினக்கூலி, மெட்டீரியல் நீங்க வாங்கித் தரது. பின்கட்டு புது பிளாக், வயரிங், பிளம்பிங் இதெல்லாம் ரேட் பேசி விடலாம். போட்ட பட்ஜெட்டுல கால் பங்கு தனியா ஒதுக்கி வைங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க, முக்கியமா மேஸ்திரிகிட்ட.

பொங்கல் முடிஞ்சதும் கூரைல ஏறுங்க. மாசி பங்குனில கூரை, சித்திரை வைகாசில சுவர் கொத்தி காயப் போடறது, அந்த நேரத்துல பின்கட்டு எழும்பட்டும், ஆடி ஆவணில பூச்சு, வயரிங், தரை. புரட்டாசி முடியறதுக்குள்ள கூரை, தூம்பு, வடிகால் மூணும் ரெடி. ஐப்பசில கூரை தொறந்து கெடந்தா தார்ப்பாய் வெச்சு சமாளிக்கலாம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. பெயின்ட், விளக்கு, அலமாரி எல்லாம் அடுத்த வருஷத்துக்கு போனாலும் பரவால்ல, ஒரு மழை பாத்துட்டு பண்ணுனா எந்த சுவர் இன்னும் ஈரம் காக்குதுன்னும் தெரிஞ்சுடும்.

வேலை நடக்கறப்ப எறக்கற மரம், கதவு, கொக்கி, தாழ்ப்பா, கம்பி கிராதி எல்லாத்துக்கும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு ஒரு ரூம்ல பூட்டி வைங்க. "இது எல்லாம் வெறகு சார், நான் எடுத்துட்டுப் போயிடறேன்"னு ஒருத்தர் அக்கறையா கேப்பாரு, பழைய சாமான் கடைங்க இருக்கற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல அதே கதவு என்ன விலைக்கு போகுதுன்னு அவருக்கு தெரியும்.